குப்பைமேனி ஏன் அங்கே முளைத்தது? – வாசகர் கேள்வி பதில்

தானாக முளைக்கும் செடிகளைப் பார்த்து மண்ணின் வளத்தைக் கணிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சில ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பார்க்கப் போகிறேன். எந்தச் செடி இருந்தால் நல்ல மண் என்று நம்பலாம்?

ஒரே ஒரு செடியைத் தேடிப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். ஓரிடத்தில் எந்தெந்தச் செடிகள் கூடி நிற்கின்றன, எவ்வளவு பரப்பை மூடியிருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, மணத்தக்காளி, ஊமத்தை, சாரணை, குப்பைமேனி ஆகியவற்றில் மூன்று நான்கு ஒரே இடத்தில் அடர்ந்து நின்றால் அங்கே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தாராளமாக இருக்கிறது. பெரும்பாலும் ஈரமும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடவே இருக்கும். குப்பைக்கீரை, குப்பைமேனி என்ற பெயர்களிலேயே இந்தக் கணிப்பு இருப்பது போலத் தெரிகிறது. எருக்குழியும் மாட்டுக் கொட்டகையும் இருந்த இடத்தில் முளைப்பவை என்று கண்டு அப்படிப் பெயர் வைத்திருக்கலாம். இப்படி வளத்தை நாடும் களைகள் பலவற்றின் விதைகளை, மண்ணில் கரைந்திருக்கும் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சேர்மமே உறக்கத்திலிருந்து எழுப்புகிறது. அதனால்தான் எருக் கொட்டிய இடத்தில் மட்டும் திட்டாக முளைக்கின்றன.

கொழிஞ்சியும் நெருஞ்சியும் ஊசிப்புல்லும் விட்டுவிட்டு நின்று, இடையே வெறும் மண்ணோ சரளையோ தெரிந்தால் அது மெலிந்த மண். மேல்மண் கரைந்து போயிருக்கலாம், அல்லது மணற்பாங்காக இருந்து நீரையும் சத்தையும் பிடித்து வைக்காததாக இருக்கலாம்.

செடியின் பெயரைவிட அதன் உருவம் அதிகம் சொல்லும். வளமான இடத்தில் குப்பைக்கீரை முழங்கால் உயரத்துக்குக் கிளைத்து, அகன்ற கரும்பச்சை இலையோடு நிற்கும். வளமற்ற இடத்தில் அதே செடி ஒரு சாண் உயரம் எட்டுவதற்குள் கதிர் விட்டுவிடும். இலை கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும், அடியிலைகள் வெளுத்து மஞ்சளாகும். ‘குப்பைக்கீரை இருக்கிறது’ என்று மட்டும் எழுதி வைத்தால் இரண்டு இடமும் ஒன்றாகிவிடும். எனவே பெயரோடு உயரத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் மேட்டு நிலம் முழுக்க எருக்கும் ஆவாரையும்தான். மண் செத்துப்போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். எருக்கையும் ஆவாரையையும் ஆடு மாடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. மேய்ச்சல் கடுமையாக நடக்கும் நிலத்தில், கால்நடைகள் விரும்பும் புல்லும் பயறு வகைச் செடிகளும் திரும்பத் திரும்பக் கடிபட்டு மறைந்துவிடும். விட்டு வைத்தவைதான் கண்ணில் படும். நீங்கள் பார்ப்பது மண்ணின் தேர்வாக இல்லாமல் ஆட்டின் தேர்வாக இருக்கக்கூடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. நிலத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று இடங்களில், 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் முள் அடைத்து ஒரு மழைக்காலம் முழுக்க மேய்ச்சலைத் தடுங்கள். உள்ளே இருக்கும் எருக்கை வெட்டிவிடுங்கள். பல வகைப் புல்லும் அகன்ற இலைச் செடிகளும் தழைத்து வந்தால் மண் உயிரோடுதான் இருக்கிறது, மேய்ச்சல்தான் அதை மறைத்திருக்கிறது. அடைப்புக்குள்ளும் வெறும் தரையே மிஞ்சினால் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: வயலில் களைகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பதை முறையாக எப்படிச் செய்வது?

மழை பெய்தோ நீர் பாய்ச்சியோ மூன்று நான்கு வாரம் கழித்து, செடிகள் அடையாளம் தெரியும் அளவுக்கு வளர்ந்து, ஆனால் காய்ந்து உதிரத் தொடங்காத சமயத்தில் பாருங்கள். களைக்கொல்லி அடித்த நிலத்தில் அந்தப் பருவத்தில் பார்த்துப் பயனில்லை. மருந்துக்குத் தப்பியது எது என்றுதான் தெரியும்.

முதலில் நிலத்தை முழுக்க நடந்து, பச்சையின் நிறமும் உயரமும் மாறும் இடங்களைக் குச்சி நட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பொதுவாக மூன்று முதல் ஐந்து திட்டுகள் கிடைக்கும். பிறகு குழாயாலோ குச்சியாலோ 1 மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்று செய்து, ஒவ்வொரு திட்டிலும் ஐந்து இடங்களில் வையுங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் வைக்காமல் பத்துப் பத்து அடி எடுத்து வைத்து நின்ற இடத்தில் வைத்தால் கணக்கு ஒருபக்கம் சாயாது. சட்டத்துக்குள் அதிகப் பரப்பை மூடியிருக்கும் மூன்று செடிகள், அவற்றின் சராசரி உயரம், அடியிலையின் நிறம், வெறும் மண் நூற்றுக்கு எத்தனை பங்கு, இந்த நான்கையும் எழுதினால் போதும்.

வரப்பு, வாய்க்கால் ஓரம், மரநிழல், பழைய எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை ஒதுக்குங்கள். வாய்க்கால் ஓரத்துக் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் அங்கே ஈரம் நிற்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. நடுவயலில் அவை பரவியிருந்தால் அது வேறு செய்தி: வடிகால் சரியில்லை.

இந்தக் குறிப்பு மண் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. மண்ணை எங்கே எடுப்பது என்பதை இது காட்டும். பலர் நல்ல திட்டையும் கெட்ட திட்டையும் கலந்து ஒரே மண் மாதிரியாக அனுப்புகிறார்கள். வரும் அறிக்கை இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரியாகிவிடுகிறது. களை பிரித்துக் காட்டிய ஒவ்வொரு திட்டுக்கும் தனி மாதிரி எடுங்கள். திட்டுக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் மேல் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, வெட்டிய சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை 2 செ.மீ. கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். உரம் போட்ட சூட்டோடு எடுக்காதீர்கள்.

கேள்வி: கொழிஞ்சி போன்ற பயறு வகைச் செடிகள் தானாக நிறைய முளைத்தால் தழைச்சத்து நிறைய இருக்கிறது என்று பொருளா?

பெரும்பாலும் நேர்மாறு. பயறு வகைச் செடிகள் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். மண்ணில் தழைச்சத்து குறைவாக இருக்கும்போது இந்த வசதி இல்லாத புல்கள் திணறும், பயறு வகை முந்திக்கொள்ளும். தழைச்சத்து பெருகினால் புல் உயர்ந்து நிழலடித்து அவற்றை அமுக்கிவிடும்.

இதை மிக நீண்ட காலம் பார்த்த சோதனை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. 1856-இல் தொடங்கிய ‘பார்க் கிராஸ்’ புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. அங்கே தழைச்சத்து இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மட்டும் பெற்ற பாத்திகளில் பயறு வகைச் செடிகள் செழித்தன. அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து போட்ட பாத்திகளில் அவை மறைந்து, மண் புளித்து, ஒரு சில புல் வகைகளே எஞ்சின. ஒன்றுமே போடாத பாத்திகள்தான் செடி வகைகள் மிகுந்தவை. ‘பல வகைச் செடி இருந்தால் நல்ல வளம்’ என்ற நம்பிக்கையும் இங்கே அடிபடுகிறது. வகைகள் கூடுவதற்கும் சத்து கூடுவதற்கும் நேரான தொடர்பு கிடையாது. சத்து மிகுந்த இடத்தில் வேகமாக வளரும் நாலைந்து செடிகள் மற்றவற்றை விழுங்கிவிடும்.

ஆனால் பயறு வகைச் செடியிடம் கேட்க இன்னொரு கேள்வி இருக்கிறது. பூக்கும் பருவத்தில் செடியைப் பிடுங்காமல், சுற்றிலும் ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கி, ‘முடிச்சே இல்லை’ என்று தவறாக எழுதிவிடுவீர்கள். தண்ணீரில் முக்கி மண்ணைக் கரைத்துவிட்டு, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தம் போல இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது. முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து நிறையத் தேவை. ஆகவே சிவந்த முடிச்சுகளோடு செழித்த கொழிஞ்சி சொல்வது இது: தழைச்சத்து குறைவு, ஆனால் மணிச்சத்து படுமோசம் இல்லை. முடிச்சு ஒன்றிரண்டே இருந்து செடியும் குறுகியிருந்தால் மணிச்சத்தைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வோம்.

கேள்வி: நிலத்தின் ஒரு மூலையில் உமரியும் தர்ப்பையும் தவிர எதுவும் வருவதில்லை. ஜிப்சம் போடலாமா?

போடுவதற்கு முன் உப்பா, களரா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பணமும் உழைப்பும் வீணாகிறது.

சதைப்பிடிப்பான இலையுள்ள உமரி நிற்பதும், காய்ந்த நாளில் தரையில் வெண்மையான படலம் பூப்பதும் கரையும் உப்பு மிகுந்த மண்ணின் அடையாளம். தர்ப்பை ஆக்கிரமித்து, மழைக்குப் பின் தண்ணீர் நாள்கணக்கில் கலங்கலாக நின்று, காய்ந்ததும் தரை கல்லாக இறுகினால் சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்ட களர்மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் கார அமில நிலை (pH) பெரும்பாலும் 8.5-ஐத் தாண்டியிருக்கும்.

கண்ணாடித் தம்ளரில் மழைநீரோ வாலை வடித்த நீரோ எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த, கொண்டைக்கடலை அளவு மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு, தம்ளரை அசைக்காமல் இரண்டு மணி நேரம் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல ஒரு மேகம் படர்ந்தால் களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன, அதாவது சோடியம் வேலை செய்கிறது. கட்டி பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அது களர் அல்ல. மக்குப்பொருள் குறைந்து கட்டி பலமிழந்த மண். கட்டி கட்டியாகவே நின்றால் மண்ணின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது. குழாய்த் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ இதைச் செய்யக்கூடாது. அதிலுள்ள உப்பே களித்துகள்களைப் பிரியவிடாமல் பிடித்துவைத்து, களர்மண்ணையும் நல்ல மண்ணாகக் காட்டிவிடும்.

மேகம் படர்ந்தால் ஜிப்சம் பயன்படும். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சோடியம் நீரோடு வடிந்து வெளியேற வழி இருக்க வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் போட்டால் பலன் நிற்காது. அளவை ஆய்வக அறிக்கையை வைத்தே முடிவு செய்யுங்கள். வெறும் உப்பு மண் என்றால் ஜிப்சம் தேவையில்லை, நல்ல நீரைத் தேக்கி வடிப்பதே வழி. உப்பும் சோடியமும் சேர்ந்த மூன்றாவது வகையும் உண்டு. அதில் உப்பு இருக்கும்வரை தம்ளரில் மேகம் வராது. ஜிப்சம் இல்லாமல் உப்பை மட்டும் கழுவிவிட்டால் அதன்பின் மண் இறுகிப்போகும். வெள்ளைப் படலம் இருந்தும் தம்ளர் தெளிவாக இருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எதையும் செய்ய வேண்டாம்.

கேள்வி: உரம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுதான் போடுகிறோம். ஆனாலும் ஒரு பட்டையில் மட்டும் பயிரும் களையும் சேர்ந்தே குட்டையாக நிற்கின்றன. என்ன சத்து குறைவு?

சத்து குறைவு என்று தொடங்காதீர்கள். அந்தப் பட்டையில் துத்தி போன்ற ஆணிவேர்ச் செடி ஐந்தைச் சுற்றிலும் தோண்டி முழு வேரோடு எடுத்துப் பாருங்கள். வேர் நேராக இறங்கி, 15 அல்லது 20 செ.மீ. ஆழத்தில் திடீரென்று மடங்கிப் படுக்கையாக ஓடியிருந்தால் கீழே உழவு இறுக்கம் இருக்கிறது. ஒரே ஆழத்தில் ஆண்டாண்டாக உழுததாலோ, ஈரமண்ணில் கனமான வண்டி ஓடியதாலோ உருவாகும் கெட்டியான அடுக்கு இது. அதற்குக் கீழே இருக்கும் ஈரமும் சத்தும் வேருக்கு எட்டாது, மேலே எவ்வளவு போட்டாலும் பயிர் பசியோடுதான் நிற்கும்.

ஐந்து செடியில் குறைந்தது நான்கு ஒரே ஆழத்தில் மடங்கியிருக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் மடங்கினால் கல் தடுத்திருக்கலாம். இறுக்கத்தை உடைக்க ஆழ உழுவது மண் காய்ந்திருக்கும்போது மட்டுமே பலன் தரும். ஈரத்தில் இறங்கினால் கொழு களிமண்ணைக் கிழித்துப் பிளக்காமல் வழித்துப் பூசிவிட்டுப் போகும், அடுக்கு இன்னும் இறுகும்.

கேள்வி: சோளத்தில் சுடுமல்லி வந்தால் மண்ணில் சத்து இல்லை என்பார்கள். ஒட்டுண்ணிக்கும் மண்ணுக்கும் என்ன தொடர்பு?

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. மணிச்சத்தும் தழைச்சத்தும் குறையும்போது சோளத்தின் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை அதிகமாகக் கசியவிடும். சத்து தேடித்தரும் வேர்ப்பூஞ்சையை அழைக்க அது விடும் குரல் அது. மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும் சுடுமல்லி விதை அந்தக் குரலையே கேட்டு முளைத்து வேரில் ஒட்டிக்கொள்கிறது. மெலிந்த மண்ணில் குரல் உரக்க ஒலிக்கிறது, ஒட்டுண்ணியும் அதிகம் வருகிறது.

தலை வெளியே தெரியும்போது பாதிச் சேதம் மண்ணுக்குள் நடந்து முடிந்திருக்கும். இருந்தாலும் பூக்கும் முன் பிடுங்குங்கள். ஒரு செடி பல்லாயிரம் தூசி விதைகளை உதிர்க்கும். அடுத்த பருவத்தில் பருத்தியோ சோயாவோ போட்டால் அவற்றின் வேர்க்கசிவு சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும், ஆனால் ஒட்ட இடம் கொடுக்காது. முளைத்தது பட்டினியில் சாகும். தழைச்சத்தும் எருவும் சேர்த்து மண்ணைத் தேற்றினால்தான் நிரந்தரப் பலன்.

கேள்வி: கோரை, அருகு, பார்த்தீனியம் இவை எதைக் காட்டுகின்றன?

வளத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றையும் காட்டுவதில்லை. மூன்றும் மெலிந்த மண்ணிலும் வரும், கொழுத்த மண்ணிலும் வரும். கோரைக்கிழங்குச் சங்கிலியை உழவு துண்டு துண்டாக்கிப் பரப்புகிறது. எனவே கோரை மண்டியிருப்பது அடிக்கடி மேலோட்டமாக உழுததன் தடம். பார்த்தீனியம் கிளறி விட்ட வெறும் நிலத்தின் அடையாளம். அதைக் கையாளும்போது கையுறை போடுங்கள், தோல் அழற்சி வரும். குறிப்பேட்டில் இவற்றை எழுதலாம், தீர்ப்புக்குச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: செடிகளுக்கு 1 முதல் 9 வரை நைட்ரஜன் எண் கொடுத்த பட்டியல் ஒன்றைப் பார்த்தோம். அதை இங்குள்ள களைகளுக்குப் பயன்படுத்தலாமா?

அது ஜெர்மானியத் தாவரச் சூழலியலாளர் ஹைன்ஸ் எலன்பெர்க் மத்திய ஐரோப்பாவின் செடிகளுக்காக உருவாக்கியது. சத்து, ஈரம், ஒளி, கார அமில நிலை என்று தனித்தனி எண் இருக்கும். தொட்டால் எரியும் நெட்டில் செடிக்கு நைட்ரஜன் எண் 9, அதாவது உச்சம். ஆனால் நெட்டிலைத் தாங்குவதில் மணிச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மக்கள் வாழ்ந்து கைவிட்ட இடங்களில் அது நெடுங்காலம் தொடர்ந்து நிற்பதற்கு, சாம்பலும் எலும்பும் கழிவும் விட்டுச்சென்ற மணிச்சத்து மண்ணைவிட்டு எளிதில் கரைந்து போகாததே காரணம்.

எண்ணை வேறு தட்பவெப்பத்துக்கு அப்படியே எடுத்து வரக்கூடாது. ஒரு செடி எங்கே வளரும் என்பதை மண் மட்டும் முடிவு செய்வதில்லை, பக்கத்தில் போட்டியிடும் செடிகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. போட்டி மாறினால் எண்ணும் மாறும். ஆனால் முறையை எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் நிலத்துத் திட்டுகளின் பரிசோதனை அறிக்கையையும் களைக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் மண்ணுக்கான சொந்தப் பட்டியலைத் தயாரியுங்கள்.

கேள்வி: எருக்குழி ஓரத்தில் முள்ளுக்கீரை மண்டிக் கிடக்கிறது. வீணாக்காமல் மாட்டுக்கு அறுத்துப் போடலாமா?

அதையே முழுத் தீவனமாகப் போடாதீர்கள். இந்தக் குடும்பச் செடிகள் மண்ணில் மிகுந்த நைட்ரேட்டை உறிஞ்சித் தண்டில் சேர்த்து வைக்கும், வறட்சிக்குப் பின் இன்னும் அதிகமாகும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் சாக்லேட் நிறமாகிவிடும். மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். விதை கட்டும் முன் வெட்டி உரக்குழியில் சேர்ப்பதே அந்தச் சத்துக்கு நல்ல வழி.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து மக்கு எரு போடுகிறோம். முளைக்கும் களைகள் அதே பழைய களைகள்தான். மண் மாறவில்லையா?

மண் மாறியிருக்கும். களைகளின் பட்டியல் மாற இன்னும் காலம் ஆகும். மண்ணுக்குள் ஒரு பெரிய விதைக் கிடங்கு இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1879-இல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் களை விதைகளைப் புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். 2021-இல் தோண்டிய புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. உங்கள் வயலில் இன்று முளைப்பது போன ஆண்டின் விதையாக மட்டும் இருக்காது, முந்தைய உழவர் காலத்து விதையும் உண்டு. சரியாகச் சூடேறி மக்காத எரு வழியே வெளி விதைகளும் வந்து சேரும். எரு போட்ட முதல் ஆண்டில் திடீரென்று புதுக்களை கிளம்பினால் அது மண்ணின் சாட்சியம் அல்ல.

முதலில் மாறுவது உருவம், பிறகு விகிதம், கடைசியில்தான் வகை. எரு போட்ட பகுதியையும், ஒப்பிடுவதற்காக எரு போடாமல் விட்ட ஒரு சிறு பட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே நாளில் முளைத்த ஒரே களையில் பத்துச் செடி வீதம் தரையோடு வெட்டி, வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்து எடை போடுங்கள். எரு போடாத பட்டை இல்லையென்றால் இந்தப் பருவத்திலேயே 3 மீட்டர் அகலத்துக்கு ஒன்று விட்டு வையுங்கள், அடுத்த மழைக்குப் பின் ஒப்பிடத் தொடங்கலாம்.